செல்லாத பவுண்டும் கீழ்த்தள அறையும்

லண்டனில் இறங்கியதும் நான் நின்று பார்த்த முதல் காட்சி விமான நிலையத்தில் இருந்த நாணய மாற்றுக் கடையின் பலகைதான். வாங்கும் விலை ஒரு பக்கம், விற்கும் விலை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு போகலாம் போல அவ்வளவு இடைவெளி. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே பெட்டியைத் தள்ளினேன். என் கோட்டின் உள்பையில் அறுநூறு பவுண்டு இருந்தது. ஒரு பைசா கமிஷன் கொடுக்காமல் வாங்கியது.

சிவகாசியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். காலண்டரும் பட்டாசுப் பெட்டிகளும் அச்சடிக்கிறோம். மகள் மலர்விழி லண்டனில் படித்து முடித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்திருந்தாள். நான் கிளம்புவதற்கு முந்தின மாதம் ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டாள். அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்காக நான் எடுத்து, போக முடியாமல் போன விசா இன்னும் காலாவதியாகாமல் இருந்தது. விமானம் என்றாலே பயம் என்று அப்போது விசா எடுக்காமல் இருந்துவிட்ட என் மனைவி செல்வி, இப்போது உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். ஐம்பத்தேழு வயதில் நான் முதல்முறையாகப் புளி கரைத்தேன்.

பவுண்டு வாங்குவதற்கு ஊரில் நான் பட்ட பாடு தனிக்கதை. வங்கியில் ஒரு விலை சொன்னார்கள். டிராவல்ஸில் இன்னொரு விலை. மதுரையில் விசாரித்தால் அங்கே விலை குறைவு, ஆனால் அதற்கு மேல் ஒரு கட்டணம். ஒரு பவுண்டுக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் வித்தியாசத்துக்காக நான் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த நண்பர் அருணகிரிதான் தன் பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்தார். எனக்குக் காகிதம் சப்ளை செய்கிறவர். பல வருடங்களுக்கு முன் அச்சு இயந்திரக் கண்காட்சிக்காக லண்டன் போய், குளிர் தாங்காமல் பாதியிலேயே திரும்பி வந்தவர். செலவழிக்காத பணம் அப்படியே இருந்தது.

"செல்போன்ல என்ன ரேட்டு காட்டுதோ அதையே குடும். எனக்கு லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம்" என்றார்.

நோட்டுகளைத் தடவிப் பார்த்தேன். முப்பது வருடமாகக் காகிதத்தோடு வாழ்கிறவன் நான். நல்ல பருத்தித் தாள்; கோடுகள் மயிரிழை மாதிரி, எங்கேயும் மை கசியவில்லை. இப்படி ஒரு அச்சை நம்மால் போட முடியுமா என்று பொறாமையாகக்கூட இருந்தது. ரேட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்தேன், நோட்டையும் பார்த்தேன். பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை.

மலர் இருந்தது டூட்டிங்கில், ஒரு பழைய வீட்டின் உச்சியில், கூரைக்குக் கீழே உள்ள அறையில். குளியலறை இரண்டு மாடி கீழே. கம்பளம் விரித்த ஒடுக்கமான படிகள். நான் போய்ச் சேர்ந்த அன்று அவள் எப்படி இறங்குகிறாள் என்று பார்த்தேன். படியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள். நான் அவளுடைய ஊன்றுகோல்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நடுப்படியில் நின்று மூச்சு வாங்கியவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது பழகிப்போச்சுப்பா" என்றாள்.

அதே தெருவில், ஆறேழு வீடு தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரு அறை காலியாக இருந்தது. குளியலறை பக்கத்திலேயே. வீட்டுக்காரர் தவமணியம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். முதல் மாத வாடகையை மலர் கட்டிவிடுவாள். முன்பணம் அறுநூறு பவுண்டு வேண்டும். அன்று மாலையே போய்ப் பார்த்தோம். அவர் கறாராகத்தான் பேசினார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் இன்னொரு பிள்ளை வந்து பாக்குது. ஆர் முதல்ல காசு தருகினமோ அவைக்குத்தான் அறை. நான் பாகுபாடு பாக்கேலாது, அண்ணை."

"இன்னைக்கு நாள் சரியில்லம்மா, நாளைக்கே கொண்டுவந்து தர்றேன்" என்று கோட்டைத் தட்டிக்காட்டினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் மலரைத் தூங்கவிட்டு, காய்கறி வாங்கலாம் என்று கிளம்பினேன். கடைத்தெரு வரை நடந்தே போயிருக்கலாம். வழி தெரியாமல் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநரிடம் ஓர் இருபது பவுண்டு நோட்டை நீட்டினேன். அவர் கையை ஆட்டினார். சில்லறை இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, பரவாயில்லை, மீதி வேண்டாம் என்று சைகை காட்டினேன். பஸ்ஸில் பணமே வாங்குவதில்லை, அட்டைதான் என்று அவர் விளக்குவதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. நம் ஊர் கண்டக்டராக இருந்தால் இதற்குள் என் பரம்பரையையே விசாரித்திருப்பார். ஆஸ்பத்திரிச் சீருடையில் நின்ற ஒரு கறுப்பின அம்மா, தன் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து எனக்காக இயந்திரத்தில் வைத்தார். நான் நோட்டை அவரிடம் நீட்டினேன். "உள்ளே வையுங்கள், உட்காருங்கள்" என்று என் கையை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னிடமும் ஒரு வங்கி அட்டை இருந்தது. ஆனால் அதை வெளிநாட்டில் பயன்படுத்த ஊரிலேயே அனுமதி போட்டிருக்க வேண்டுமாம். இங்கே வந்து போடலாம் என்றால் அதற்கான எண் என் இந்திய செல்போனுக்கு வரும். அந்தப் போனோ விமானத்தில் அணைத்ததிலிருந்து உயிர் வரவில்லை.

அப்பர் டூட்டிங் ரோட்டில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாக வந்தபோது மனசு லேசாகிவிட்டது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, தூதுவளை முதற்கொண்டு கிடைக்கிறது. விலையை மட்டும் ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது. ஒரு முருங்கைக்காயை மாற்றிப் பார்த்துவிட்டு அதைத் திரும்பக் கூடையில் வைத்தேன். தக்காளி, மல்லி, பூண்டு என்று எடுத்துக்கொண்டு போய் நோட்டைக் கொடுத்தேன்.

கடைக்காரர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது பழைய தாள். இப்ப ஓடாது."

"கிழியலையே?" என்றேன்.

"கிழியேல்லை. ஆனா தாளிலை அடிச்ச காசை எல்லாம் நிப்பாட்டிப் போட்டினம். இப்ப பிளாஸ்டிக்தான்." கல்லாவைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். மினுமினுப்பாக, நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னலோடு இருந்தது. "உங்களிட்டை இருக்கிறது முழுக்க இதுதானோ?"

உள்பையிலிருந்த நோட்டுக் கட்டை எடுத்துக் காட்டினேன். "சாமானைக் கொண்டு போங்கோ. காசைப் பிறகு தாங்கோ" என்று பையை என் பக்கம் தள்ளினார்.

தெருவில் வந்து நின்றேன். ஒரே இரவில் நோட்டு செல்லாமல் போய், நாமெல்லாம் வங்கி வாசலில் வெயிலில் நின்ற நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. அப்போதாவது ஊரே என்னோடு நின்றது. இங்கே நான் மட்டும் மல்லிக்கட்டோடு நின்றேன். அருணகிரி மேல் கோபம் வரவில்லை. பீரோவுக்குள் இருந்த நோட்டு செத்துப்போனது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு என் மேல்தான் ஆத்திரம். ஒன்றரை ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், மகளின் அறையைத் தொலைக்கப் போகிறேன்.

நாலு கடை தள்ளி ஒரு நாணய மாற்றுக் கூண்டு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் நோட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "பழையது. இதை நான் எங்கே கொண்டுபோய் மாற்றுவது? வேண்டுமானால் இருபதுக்கு எட்டு தருகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். ஒரு நொடி, கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நோட்டுக் கட்டைக் கண்ணாடிக்கு அடியில் பாதி தள்ளியும்விட்டேன். வருகிற பணத்தில் முன்பணத்தில் பாதிகூடத் தேறாது. தவமணியம்மா பாதியை வாங்கிக்கொண்டு அறையைத் தருவாரா? அதைக் கேட்காமல் இதைக் கொடுத்து என்ன பயன்? கட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். "நாளைக்கு வந்தால் ஏழுதான்" என்று அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

தவமணியம்மா கதவைத் திறந்ததும் நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பழைய நோட்டை மாற்றிக் கிடைப்பதை இப்போது தருகிறேன், மீதியை ஊரிலிருந்து அனுப்பச் சொல்கிறேன், அறையை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று. பேசப் பேச என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முதல்ல உள்ளுக்கை வாங்கோ. இருங்கோ" என்றார். நோட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திடீரென்று சிரித்தார். "இதுக்கோ இவ்வளவு பயந்தனியள்? இது செல்லும் அண்ணை."

"கடையில் வாங்கலையேம்மா."

"கடையிலைதான் வாங்க மாட்டினம். இதை அடிச்ச பெரிய பேங்க் இருக்கெல்லோ, அங்கை கொண்டு போனால் மாத்தித் தருவினம். எட்டும் ஏழும் இல்லை, முழுக் காசு." நோட்டைத் திரும்ப என் கையில் வைத்தார். "எங்கடை மனுசன் செத்தாப் பிறகு அவற்றை குளிர்க்கோட்டு பொக்கற்றுக்கை கொஞ்சத் தாள் கிடந்தது. எனக்குத் தெரியாமல் சேர்த்து வைச்சிருக்கிறார். நானும் உங்களை மாதிரித்தான், கடை கடையாய்க் கொண்டு திரிஞ்சன். பிறகு கோயிலிலை கண்ட ஒரு பிள்ளைதான் சொன்னது."

நான் எழுந்துகொண்டே கேட்டேன், "இப்பவே போகட்டுமா?"

"இண்டைக்குப் பிந்திப் போச்சு, மூன்று மணிக்குப் பூட்டிப் போடுவினம். நாளைக்குக் காலமை போங்கோ. பாஸ்போட் மறக்கக் கூடாது. சனி, ஞாயிறு பூட்டு. அந்தப் பிள்ளை பின்னேரம்தான் வருது. அதுக்கு முன்னம் வந்தியளெண்டால் அறை உங்கடை."

மலரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிடைக்கலைன்னாலும் பரவாயில்லப்பா. நான் மேலேயே இருந்துக்குவேன்" என்றாள். நான் அன்று வைத்த ரசத்தில் உப்பே இல்லை. இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை, மலரின் பயண அட்டையை வாங்கிக்கொண்டு பாதாள ரயிலில் ஏறினேன். டூட்டிங்கிலிருந்து நேராகப் போகலாம், நிலையத்தின் பெயரே பேங்க்தான், தவறவே முடியாது என்று அவள் சொல்லியிருந்தாள். தவறினேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. எதிரே இருந்த ஒரு பெரியவர் என் முழங்காலைத் தட்டி, "உங்கள் நிலையம் போய்விட்டதோ?" என்று கேட்டபோது வண்டி கேம்டன் டவுனில் நின்றுகொண்டிருந்தது. முதலில் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அலறியடித்து இறங்கி, எந்தப் பக்கத்து வண்டி என்று மூன்று பேரிடம் கேட்டேன்; மூன்றாவது ஆள் என் கையைப் பிடித்து நடைமேடையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டுப் போனார்.

பேங்கில் மேலே ஏறி வந்தால், கோட்டை மாதிரி ஒரு கட்டடம். ஜன்னலே இல்லாத மதில். அதன் பக்கவாட்டில் நீளமாக வரிசை நின்றது. வரிசையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் தவமணியம்மா சொன்னது உண்மை.

எனக்கு முன்னால் ஓர் ஆங்கிலேயத் தாத்தா பிஸ்கட் டப்பாவோடு நின்றார். "என் அம்மா வங்கியை நம்பவே மாட்டார். வீட்டை விற்கும்போது புகைபோக்கிக்குள் இருந்து எடுத்தோம்" என்று யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் சொன்னார். பின்னால் நின்ற போலந்துக்காரர் ஒரு குளியலறையை இடித்தபோது கிடைத்த நோட்டுகளை, வீட்டுச் சொந்தக்காரர் பாதி எடுத்துக்கொண்டு மீதியைத் தனக்குக் கொடுத்தார் என்று பெருமையோடு சொன்னார். என் கதையைக் கேட்டதும் தாத்தா கேட்டார், "உங்கள் நண்பர் இதை என்ன விலைக்குக் கொடுத்தார்?" சொன்னேன். "கமிஷன் இல்லாமலா? முழுத்தொகையும் கிடைத்தால் இந்த வரிசையிலேயே நல்ல விலைக்கு வாங்கியவர் நீங்கள்தான்" என்றார். கிடைத்தால் என்ற சொல்லை மட்டும் என் காது பிடித்துக்கொண்டது.

உள்ளே இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். நோட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டாள். என் ஆங்கிலத்தில் அருணகிரியையும் குளிரையும் பீரோவையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டின் நடுவில் ஒரு நோட்டை மட்டும் தனியாக எடுத்து, பக்கத்திலிருந்தவரிடம் காட்டினாள். கள்ள நோட்டாக இருந்தால்? போலீஸைக் கூப்பிட்டால்? மலர் அந்தப் படியில் தனியாக உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. அவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஓரத்தில் மை பட்டிருந்ததாம், அவ்வளவுதான்.

அவள் இயந்திரத்தில் போட்டு எண்ணி, புது நோட்டுகளை என் பக்கம் தள்ளினாள். அறுநூறும். பிடித்தம் எதுவும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், வழுக்கியது. இதன் மேல் மை எப்படி நிற்கிறது என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியாது சார். ஆனால் சட்டையோடு சேர்த்துத் துவைத்தாலும் ஒன்றும் ஆகாது. நானே துவைத்திருக்கிறேன்."

வெளியே வந்தேன். அந்த மதிலில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். பஸ்களும் கோட்டுப் போட்ட மனிதர்களும் விரைந்துகொண்டிருந்த அந்த இடத்தில், சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

திரும்பி வருகையில் தூங்கவில்லை. டூட்டிங்கில் இறங்கி முதல் வேலையாகத் தவமணியம்மா கையில் பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் ஒரே ஒரு நோட்டை மட்டும் உருவி, "இது கடையிலை ஓடுமோ?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பின்னேரம் வந்த பெண்ணுக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொரு அறையைச் சொல்லி, தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். கடைக்காரருக்குப் பாக்கியைக் கொடுக்கப் போன நான், பக்கத்துக் கடையில் தகட்டுச் சத்தம் கேட்டு கொத்து ரொட்டி இரண்டு பொட்டலம் வாங்கிவந்தேன். எங்கள் ஊர் கொத்துப் பரோட்டாவுக்குத் தம்பி என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு அண்ணன் என்று தோன்றியது. உறைப்பு அப்படி. மலர் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை வீடு மாற்றினோம். மலர் கடைசி முறையாக அந்தப் படிகளில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். கீழே வந்து எழுந்து நின்றதும், மேலே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில்தான் பணம் மாற்றுவதைப் பற்றி மலர் எனக்கு உருப்படியாகப் பாடம் நடத்தினாள். கணக்கு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால், செல்வி ஊரில் வங்கிக்குப் போய் என் அட்டைக்கு உயிர் கொடுத்தாள். அதை ஒரு கடையில் நீட்டியபோது இயந்திரம் மிக மரியாதையாக, ரூபாயில் கட்டுகிறீர்களா, பவுண்டில் கட்டுகிறீர்களா என்று கேட்டது. நம் காசு என்ற பாசத்தில் ரூபாயை அமுக்கப் போனேன். மலர் ஊன்றுகோலால் என் காலைத் தட்டினாள். "ரூபாய்னு அமுக்கினா அவங்க சொல்றதுதான் ரேட்டு. எந்த ஊர்ல இருக்கோமோ அந்த ஊர்க் காசை அமுக்குங்க." விமான நிலையத்தில் மாற்றாதே, பணம் எடுக்கும் இயந்திரத்தில் சின்னச் சின்னத் தொகையாகப் பலமுறை எடுக்காதே, கமிஷன் இல்லை என்று பலகை போட்டவனிடம் விலையை மட்டும் கேள் என்று அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். நோட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதை நானே சேர்த்துக்கொண்டேன். அருணகிரியிடம் மலரின் போனில் சொன்னபோது அவர் பதறிப்போனார். "பாதிப் பணத்தைத் திருப்பித் தந்துடறேன்" என்றார். உம்மிடம் வாங்கியதுதான் கடைசியில் எல்லாரையும்விட நல்ல ரேட்டு என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின காலை. பொது அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பார்த்தால் பால் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் மலர் வாசல் கதவைத் திறந்துவிட்டாள். குளிர்காற்று உள்ளே வந்தது.

"நான் போறேன்மா. நீ உட்காரு" என்றேன்.

"நீங்க தண்ணியைப் பாருங்கப்பா. முனைக் கடைதானே."

வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரே ஒரு படி. இப்போது ஒன்றாகிவிட்ட ஊன்றுகோலை முதலில் இறக்கி, பிறகு அடிபட்ட காலையும், கடைசியில் நல்ல காலையும் இறக்கினாள். நான் பின்னாலேயே போகாமல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டே அவளுக்குக் காலை வணக்கம் சொன்னார். அவளும் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். முனை திரும்பி மறைந்தாள்.

தண்ணீர் கொதித்து வற்ற ஆரம்பித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தேன். முனையில் முதலில் ஊன்றுகோல் தெரிந்தது. அதன் கைப்பிடியில் பால்பை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மலர் தெரிந்தாள், மெதுவாக, யாருடைய கையையும் பிடிக்காமல்.